சுற்றுச்சூழல் பொறியியல்: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பொறியியல் கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் நாள் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். போன வருஷம் கீழ் வீட்டுத் தம்பி நேரிலேயே வந்துவிட்டான். "அண்ணா, என்விரான்மென்டல் படிக்கணும். பி.இ.யிலயே அந்தப் பேருல கோர்ஸ் இருக்கு. அதுல சேரட்டுமா, இல்ல சிவில் எடுத்துட்டு அப்புறமா எம்.இ. பண்ணட்டுமா? கெமிக்கல்தான் பெஸ்ட்னு மாமா சொல்றார்." அவனுக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் சிவில் படித்து, எம்.இ. சுற்றுச்சூழல் முடித்து, கழிவுநீரோடு காலம் தள்ளுகிறவன். என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## முதலில், இது என்ன வேலை?

மரம் நடுவது, ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. நல்ல காரியங்கள்தான், ஆனால் அவற்றுக்கு வேறு படிப்பு. இங்கே பாதிக்கு மேல் தண்ணீர்: வீட்டுக்கு வரும் தண்ணீரும், வீட்டிலிருந்து வெளியே போகும் தண்ணீரும். இந்தத் துறையின் பழைய பெயரே பொது சுகாதாரப் பொறியியல். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு சென்னையின் குடிநீர் நிலையத்தை அமைத்த மேட்லி என்ற பொறியாளர் செய்தது இதே வேலைதான். தி. நகர் மேட்லி சாலையில் அவர் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேலை புரியும். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசுக் கையேடு சொல்லும் அளவு. அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். துறையில் இதை 10.8 எம்எல்டி (நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர்) என்பார்கள். இவ்வளவும் தானாக ஓடிவரும்படி குழாய்க்குச் சரிவு கொடுக்கணும். பள்ளமான இடத்தில் பம்ப் வைத்து ஏற்றணும். பிறகு ஏரேஷன் டேங்க்கில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்ன வைக்கணும். தின்று கொழுத்த நுண்ணுயிர்க் கூட்டம்தான் ஸ்லட்ஜ். அதை கிளாரிஃபையரில் கீழே படிய வைத்துப் பிரித்தால் மேலே தெளிந்த நீர் வரும். ஆற்றில் விட வேண்டுமானால் அதன் பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

அந்த பிஓடி சோதனையிலேயே ஓர் அழகு இருக்கிறது. மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் என்று போட்டிருக்கும். இங்கே 27 டிகிரியில் 3 நாள். நம் ஊர் வெயிலில் நுண்ணுயிர்கள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடும், வேறொன்றுமில்லை.

தண்ணீரை விட்டால் குப்பை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மலையைத் தோண்டிச் சலித்து மண், பிளாஸ்டிக், கல் என்று பிரிக்கிறார்களே, அந்த பயோமைனிங் வேலை இதில் சேர்த்தி. அப்புறம் காற்று: ஆலைப் புகைபோக்கியில் ஏறி மாதிரி எடுப்பது முதல், புகை எத்தனை தூரம் போய் எங்கே இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது வரை.

மிச்சமெல்லாம் காகிதம். 1974-ன் நீர்ச் சட்டம், 1981-ன் காற்றுச் சட்டம், போபாலுக்குப் பிறகு 1986-ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆலை கட்டும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒரு கன்சென்ட் (அனுமதி), ஓட்டும் முன் இன்னொரு கன்சென்ட், பிறகு அதைப் புதுப்பிப்பது. இதைக் கல்லூரியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வேலைக்கு வந்த பிறகு, "இவ்வளவு ஃபைலா?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

தம்பியிடம் ஐந்து கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, பட்டத்தில் எழுதியிருக்கும் பெயரை வைத்து எத்தனை விண்ணப்பம் போட முடியும்? அரசுத் தேர்வு அறிவிப்பில் "தகுதி" என்ற கட்டத்தில் உங்கள் படிப்பின் பெயர் இல்லையென்றால், உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டாவது, நாலு வருஷம் உட்கார்ந்து எதைப் படிக்கப் பிடிக்கும்? கான்கிரீட்டும் நிலஅளவையுமா, வினைகளும் வெப்பமும் பம்புமா, நுண்ணுயிரியலா?

மூன்றாவது, எந்த இடத்தில் வேலை செய்யப் பிடிக்கும்? சைட், ஆலை, ஆய்வகம், அலுவலக மேஜை. நாலும் நாலு வாழ்க்கை.

நான்காவது, மொத்தச் செலவு. கல்லூரிக் கட்டணம் மட்டும் கணக்கில்லை. சம்பளம் இல்லாமல் படிக்கும் ஒவ்வொரு வருஷமும் செலவுதான்.

ஐந்தாவது, மனசு மாறினால்? 17 வயசில் எடுக்கும் முடிவு. 21 வயசில், "எனக்கு இது வேண்டாம்" என்று தோன்றினால் போக வேறு இடம் இருக்கிறதா?

நான் முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இரண்டாவதுக்குக் கொடுக்கலாம்.

## நேராக பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல்

ஆசைப்பட்ட பாடத்தை முதல் நாளிலிருந்து படிக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. நீர் வேதியியல், நுண்ணுயிரியல், காற்று மாசு, குப்பை மேலாண்மை, தாக்க மதிப்பீடு என்று சிவில்காரன் எம்.இ.யில் அவசர அவசரமாகப் படிப்பதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். எம்.இ., எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் சேர்த்துத் தனித்தாள் வந்துவிட்டது. அதற்கு முன் சிவில் தாளையோ கெமிக்கல் தாளையோ எழுதித் திண்டாட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் இளநிலைப் படிப்பு நடத்தும் கல்லூரிகள் குறைவு. வெளியே போகத் தயாரென்றால் தன்பாத் ஐஐடியில் இருக்கிறது, டெல்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மைசூரிலும் ரொம்ப காலமாக நடக்கிறது. தன்பாத்தில் இடம் கிடைக்கும் மதிப்பெண் இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் போகலாம் என்பேன். அங்கே பாடத்தின் பெயரை விடக் கல்லூரியின் பெயர் கதவைத் திறக்கும்.

மற்றபடி? கதவுதான் பிரச்சினை. பொதுப்பணித்துறை, நீர்வளம், நெடுஞ்சாலை என்று டிஎன்பிஎஸ்சி எடுக்கும் உதவிப் பொறியாளர் இடங்களில் பெரும்பங்கு சிவில் பட்டத்தைக் கேட்பவை. மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ்-தொலைத்தொடர்பு என்று நாலே பாடம். சுற்றுச்சூழல் அதில் சிவிலுக்குள் ஓர் அத்தியாயமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியார் நிறுவனத்தில் மனிதவள அதிகாரிக்கு இது என்ன படிப்பென்றே தெரியாமல் போவதும் நடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதன் பழைய ஆள்சேர்ப்பு அறிவிப்பு ஒன்றை இறக்கி, தகுதிப் பத்தியை நீங்களே வரி வரியாகப் படியுங்கள். என் வார்த்தையையோ கல்லூரி முகவரின் வார்த்தையையோ நம்ப வேண்டாம்.

இங்கே கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய துறை என்றால் ஆசிரியர்கள் வேறு துறையிலிருந்து கடன் வாங்கியவர்களாக இருக்கலாம். ஆய்வகம் பெயருக்கு இருக்கலாம். சேரும் முன் கல்லூரிக்கு ஒரு நடை போய் "பிஓடி இன்குபேட்டரைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறதா, வந்த அட்டைப்பெட்டியிலேயே தூங்குகிறதா என்று பார்த்தாலே துறையின் நிலவரம் தெரிந்துவிடும்.

நல்ல கல்லூரி, வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற தெளிவு, அல்லது வீட்டில் ஏற்கெனவே சுத்திகரிப்பு நிலையம் கட்டும், நடத்தும் தொழில். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் இந்த வாசல் சரி. அமெரிக்காவில் தொழில்முறைப் பொறியாளர் உரிமத் தேர்விலேயே சுற்றுச்சூழல் ஒரு தனிப் பிரிவு, அங்கே இந்தப் பட்டத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

## சிவில், பிறகு எம்.இ.

நான் வந்த வழி. நிறைகுறை இரண்டும் உடம்பில் பட்டவை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட அரசு வேலையெல்லாம் அடிப்படையில் கட்டுமான வேலை. குழாய் பதிப்பது, தொட்டி கட்டுவது, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது. 1971-ல் வந்த குடிநீர் வடிகால் வாரியமும் 1978-ல் வந்த சென்னைக் குடிநீர் வாரியமும் சிவில்காரர்கள் நிறைந்த இடங்கள். ஊரகப் பகுதிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பல ஊர்களைத் தாண்டி ஓடும் குழாய், நடுநடுவே நீரேற்று நிலையம், ஊருக்கு ஊர் தொட்டி. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் சவ்வு வழியாக உப்பைப் பிரிப்பது ஒரு பங்குதான். கடலுக்குள் குழாயைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது பெரிய சிவில் வேலை. அங்கே 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நிலையமும், 2024-ல் 15 கோடி லிட்டர் நிலையமும் வந்தன. அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. இப்படி ஒரு திட்டம் தொடங்கினால் முதலில் ஆள் எடுப்பது சிவிலில்தான்.

ஐந்தாவது கேள்விக்கும் இங்கே நல்ல பதில் இருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் சாலையோ கட்டமைப்போ பிடித்துப்போனால் அந்தப் பக்கம் திரும்பிவிடலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ஆனால் நாலு வருஷத்தில் சுற்றுச்சூழல் என்று வருவது இரண்டு மூன்று தாளும் ஓர் ஆய்வகமும்தான். மீதியெல்லாம் கம்பி, சிமென்ட், மண், சர்வே. ஆற்றைக் காப்பாற்றலாம் என்று வந்த பிள்ளை பீமுக்குள் எத்தனை கம்பி போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது சலிப்பு வரும். என் வகுப்பில் சுற்றுச்சூழல் எடுப்பேன் என்று சொன்ன ஏழெட்டுப் பேரில் எம்.இ. வரைக்கும் வந்தது இரண்டு பேர். மற்றவர்கள் வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னை விட வசதியாகவும் இருக்கிறார்கள்.

இன்னொரு குறை வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் வருஷம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) ஸ்லட்ஜ் படியாமல் மிதந்து தெளிநீரோடு போய்க்கொண்டிருந்தது. தொட்டியின் அகலம், ஆழம், நீரோட்ட வேகம் எல்லாம் கணக்குப்படி சரி. நான் காகிதத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை கூட்டிக்கொண்டிருந்தேன். ஆப்பரேட்டர் அண்ணன் ஒரு லிட்டர் சிலிண்டரில் ஏரேஷன் டேங்க் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் வைத்தார். பஞ்சு மாதிரி மேலேயே நின்றது. மோந்து பார்த்துவிட்டு, "காத்து பத்தல சார், ப்ளோவரப் பாருங்க" என்றார். காற்று குறைந்தால் நூல் மாதிரி வளரும் நுண்ணுயிர்கள் பெருகி ஸ்லட்ஜைப் படியவிடாது. எனக்கு அது எம்.இ.யில் ஒரு பாராவாகத்தான் வந்திருந்தது, பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருந்தேன். சிவில்காரனுக்குத் தொட்டி தெரியும், தொட்டிக்குள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்ள வருஷம் பிடிக்கும்.

செலவுக்கு வருவோம். கூடுதலாக 2 வருஷம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் உட்படத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர சீட்டா நுழைவுத் தேர்வோ கேட் மதிப்பெண்ணோ வேண்டும். கேட் மதிப்பெண்ணோடு ஐஐடி, என்ஐடியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். அது கிடைத்தால் அந்த 2 வருஷம் வீட்டுக்குப் பாரமில்லை. கிடைக்காமல் தனியார் கல்லூரியில் காசு கட்டி எம்.இ. படிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்குப் பதில் பி.இ. முடித்ததும் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் ஒரு சின்ன நிறுவனத்தில் 2 வருஷம் வேலை பார்க்கலாம். சம்பளம் சொற்பம்தான், ஆனால் கற்றுக்கொள்வது அதிகம்.

## கெமிக்கல் பொறியியல்

ஆலைக் கழிவுதான் உங்களை இழுக்கிறது என்றால் மாமா சொன்னது சரி.

திருப்பூரைப் பாருங்கள். சாயம் துணியில் பிடிக்க உப்பு போடுகிறார்கள். சாயத்தை எப்படியாவது பிரித்துவிடலாம், உப்பு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. அந்த உப்புநீர் நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்கவே விவசாயிகள் பயப்படும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மீண்டும் திறக்க ஒரே வழி: ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ். முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பைப் பிரிப்பது), ஆர்ஓ ஒதுக்கும் கெட்டி உப்புநீருக்கு ஆவியாக்கி, கடைசியில் உப்பு. பல வினைகளும் பிரிப்புகளும் வெப்பக் கணக்கும் கோத்த இந்தச் சங்கிலி முழுக்கக் கெமிக்கல்காரர்களின் ஆட்சி. சவ்வில் உப்புப் படிந்தால் ஏன், ஆவியாக்கியில் ஒரு டன் நீராவிக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று அவர்களுக்குக் கை நுனியில் இருக்கும். நான் இன்றைக்கும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ராணிப்பேட்டை தோல் ஆலைகளும் அப்படித்தான். வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதைச் சரிசெய்வது வேதியியல் தெரிந்தவரின் வேலை.

மனசு மாறினால் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மருந்து, பெயின்ட், உரம், உணவு என்று போக இடமிருக்கிறது. தனியார் துறையில் சம்பள வளர்ச்சியும் சிவிலை விட நன்றாக இருக்கும் என்பது நான் பார்த்த வரையில் உண்மை. ஆனால் அரசு இடங்கள் குறைவு. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் உங்களுக்குத் தூரம். ஆலை இருக்கும் ஊரில்தான் வாழணும், ஷிப்டும் உண்டு.

இங்கேதான் யாரும் சொல்லாத ஒரு செலவு. ஆலையில் சுற்றுச்சூழல் பொறுப்பில் இருப்பவர் முதலாளிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நடுவில் நிற்கிறவர். நான் ஆலோசனைக்குப் போய்வந்த ஓர் ஆலையில் நல்ல மழை பெய்தால் ராத்திரி மேலிடத்திலிருந்து போன் வரும். கழிவைச் சுத்திகரிக்காமலே வெளியே விடும் பைபாஸ் வால்வைத் திறக்கச் சொல்லி. ரீடிங் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் அங்கே சுற்றுச்சூழல் பொறுப்பில் இருந்த பையனுடையது. எட்டு மாசம் தாக்குப்பிடித்தான், அப்புறம் வேலையை விட்டுவிட்டான். எல்லா ஆலையும் அப்படியில்லை. ஒழுங்காக நடத்துகிற இடங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் 23 வயசில் "முடியாது சார்" என்று சொல்ல வேண்டி வரலாம், அதற்கு வீட்டில் கொஞ்சம் சேமிப்பும் மனசில் கொஞ்சம் தைரியமும் இருக்கணும்.

## பி.எஸ்சி., எம்.எஸ்சி. பாதை

பொறியியலே வேண்டாம், ஆனால் இந்தத் துறை வேண்டும் என்றால் இது. வேதியியலோ நுண்ணுயிரியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ பி.எஸ்சி., பிறகு பாரதியார் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் எம்.எஸ்சி. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. என்றால் கட்டணம் பொறியியலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வேலை ஆய்வகங்களில், தாக்க மதிப்பீட்டுக் குழுக்களில், ஆராய்ச்சியில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் பொறியாளர்களோடு சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்ற பதவி தனியாக உண்டு.

நிலையம் வடிவமைக்கும் வேலை இந்த வழியில் வருவது கஷ்டம். தனியார் ஆய்வகத்தில் ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் முகம் வாடும். எம்.எஸ்சி.யோடு நிற்காமல் ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால், அல்லது பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் உயிரியல் எடுத்தவர் என்றால், நல்ல வாசல்.

இடையில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியலையும் சொல்லிவிடுகிறேன். அதற்கான சேர்க்கை அந்தப் பல்கலைக்கழகம் தனியாக நடத்துவது. பொறியியல் கவுன்சலிங்கையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவற விட்டுவிடுவார்கள். சாண எரிவாயு, வேளாண் கழிவு, சூரிய ஆற்றல் என்று கிராமத்துப் பக்கம் சாய்ந்த படிப்பு.

## ஒரே பார்வையில்

| | நேரடி பி.இ. | சிவில் + எம்.இ. | கெமிக்கல் | எம்.எஸ்சி. |
|---|---|---|---|---|
| வருஷம் | 4 | 6 | 4 | 5 |
| அரசுப் பொறியாளர் தேர்வுகள் | சில | நிறைய | சில | விஞ்ஞானி, ஆய்வகப் பதவிகள் |
| தனியார் ஆலை | பரவாயில்லை | சுமார் | நல்லது | ஆய்வகம் மட்டும் |
| சாக்கடை, குடிநீர்த் திட்டம் | நல்லது | மிக நல்லது | சுமார் | தரப் பரிசோதனை |
| மனசு மாறினால் | இடம் குறைவு | நிறைய இடம் | நிறைய இடம் | ஆசிரியர் பணி, ஆராய்ச்சி |
| ஏமாறக்கூடிய இடம் | வெறும் பெயருக்கு நடக்கும் துறை | வழியிலேயே திசை மாறுவது | கையெழுத்துச் சுமை | ஆரம்பச் சம்பளம் |

## எந்த வாசலில் போனாலும் வரும் செலவுகள்

பல ஆலைகளில் சுற்றுச்சூழலுக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். இஎச்எஸ் என்பார்கள். அந்த இடத்துக்குப் பட்டம் மட்டும் போதாது, தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ கேட்பார்கள். சென்னை தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அது நடக்கிறது. அதற்கு ஒரு வருஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்), கார்பன் கணக்கு என்று ஓர் அலை அடிக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவுக்கு இரும்பும் அலுமினியமும் அனுப்புகிறவர்களுக்குக் கார்பன் வரிக் கவலை. ஏ.சி. அறையில் நல்ல சம்பளம் என்பதால் பிள்ளைகள் இதைக் கேட்டு வருகிறார்கள். நிஜமான வேலைதான். ஆனால் அந்த நாற்காலிக்கு எம்பிஏக்காரரும் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டும் போட்டி போடுகிறார்கள். ஆலையில் மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொறியாளருக்கு அங்கே மரியாதை. எடுத்த எடுப்பில் அங்கே போவதை விட, 3 வருஷம் ஆலையில் இருந்துவிட்டுப் போவது மேல்.

அப்புறம் உடம்பு. நாற்றம் ஒரு மாசத்தில் பழகிவிடும். பழகக் கூடாதது மூடிய தொட்டி. சாக்கடைக் குழியிலும் செப்டிக் டேங்க்கிலும் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் 2013-ன் சட்டப்படி குற்றம், ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. பொறியாளராக நீங்கள் நிற்கும் சைட்டில் யாரை இறக்குவது, இறக்காமல் இருப்பது என்று சொல்லும் இடத்தில் ஒரு நாள் நீங்கள் இருப்பீர்கள்.

## தம்பிக்கு என்ன சொன்னேன்

அவன் அரசுப் பள்ளி மாணவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வேதியியலில் மதிப்பெண் நன்றாக இருந்தாலும் "பிடிக்குமா?" என்று கேட்டதற்குத் தயங்கினான். அரசு வேலை வீட்டில் எல்லோருடைய கனவு. அவனுக்கு சிவில் என்று சொன்னேன், நல்ல கல்லூரியாகப் பார்த்து. எம்.இ.யை மூன்றாம் வருஷம் முடியும்போது யோசித்தால் போதும், கேட் எழுதிப் பார்த்துவிட்டு.

அவனோடு படித்த ஒரு பெண்ணும் அன்றைக்கு வந்திருந்தாள். வேதியியல் என்றால் உயிர், கணக்கும் நன்றாக வரும், ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். தன் தாத்தா கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்த கதையைச் சொன்னாள். அவளை சிவிலில் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெமிக்கல் போடு என்றேன். கிண்டி ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில்) இடம் வரும் கட்ஆஃப் அவளிடம் இருந்தது.

நேரடி பி.இ.யை இருவருக்கும் சொல்லவில்லை. தன்பாத் மாதிரி இடத்துக்கு ஜேஇஇ எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.

விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். உங்களுக்கும் அதேதான். பக்கத்தில் பெரிய அடுக்குமாடி எதிலாவது எஸ்டிபி இருக்கும், சங்கச் செயலாளரிடம் கேட்டால் விடுவார். காலை 8 மணிக்குப் போங்கள், குளியலும் துணி துவைப்பதும் சேர்ந்து தண்ணீர் அதிகம் வரும் நேரம் அது. ஆப்பரேட்டரிடம் அந்த ஒரு லிட்டர் சிலிண்டர் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஸ்லட்ஜ் கீழே இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த அரை மணியில் போனை எத்தனை தடவை எடுத்தீர்கள் என்றும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி இரண்டு தடவை எடுத்ததாகச் சொன்னான். இரண்டாவது தடவை சிலிண்டரை வீடியோ எடுக்க.